பல்லுக்கு ஒரு வழி, பல்லின் மேல் ஒரு பழி

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு வீடு. பதினாலு மாதப் பையனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சட்டையின் முன்பக்கம் எச்சிலில் நனைந்து கிடக்கிறது. கையை மணிக்கட்டு வரைக்கும் வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுகிறான்.

“கடவாப்பல்லு முளைக்குதுல்ல, அதான்” என்கிறார் அப்பத்தா.

“காய்ச்சலும் அடிக்குதே அத்தை. காலையில இருந்து நாலு தடவ வயித்தால போயிருச்சு” என்கிறாள் மருமகள்.

“பல்லு முளைச்சா பேதி போகத்தான் செய்யும். ஒன் வீட்டுக்காரனுக்கும் இப்பிடித்தான் போச்சு.”

பேச்சு அதோடு முடிந்துவிடும். எல்லா ஊரிலும், ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடந்திருக்கும் பேச்சுதான் இது. அப்பத்தா சொன்னதில் ஒரு பாதி சரி. இன்னொரு பாதி, பல்லின் மேல் காலங்காலமாகப் போட்டுவரும் பழி. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், பல் எப்படி வெளியே வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் பையனின் வாயைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். முன்னால் மேலும் கீழுமாகச் சில பற்கள். அடுத்து ஒரு வெற்றிடம். அதையும் தாண்டிப் பின்னால் ஈறு தடித்துப் புடைத்திருக்கிறது. வரிசையில் அடுத்து வரவேண்டியது கோரைப்பல். ஆனால் அதை விட்டுத் தாண்டி, முதல் கடைவாய்ப்பல் முந்திக்கொள்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் கடைவாய்ப்பல் 13 முதல் 19 மாதத்துக்குள் எட்டிப்பார்க்கிறது. கோரைப்பல் 16 முதல் 23 மாதத்துக்குள் வந்து நடுவில் உள்ள இடத்தை நிரப்புகிறது. இரண்டாவது கடைவாய்ப்பல் 23 முதல் 33 மாதம். அத்தோடு பால் பற்கள் இருபதின் கணக்கும் முடியும்.

முன்பல் அரிவாள்மணை, கடைவாய்ப்பல் ஆட்டுக்கல். அரிவாள்மணை முதலில் வந்துவிடுகிறது, ஆட்டுக்கல் வர இன்னும் அரை வருடம் ஆகிறது. இந்த இடைவெளியில் பிள்ளைக்குக் கடித்துத் துண்டாக்கத் தெரியும், அரைக்கத் தெரியாது. “பல்லுதான் வந்துருச்சே” என்று கையில் வறுகடலையோ தேங்காய்ச் சில்லோ முறுக்கோ கொடுத்தால், கடித்த துண்டு முழுசாகத் தொண்டைக்குப் போகிறது. மூச்சுக்குழாயில் கடலை சிக்கிய பிள்ளைகளைக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கடலை விளையும் சீமையில் இதைக் கூடுதலாகவே சொல்ல வேண்டும்: நாலு வயது வரை முழுக்கடலை கூடாது.

சரி, அந்தப் பல் வெளியே எப்படி வருகிறது?

கரிசல்காட்டில் மழை பெய்து வெயில் அடித்ததும் மேல்மண் பொருக்குத் தட்டிவிடும். உள்ளே இருக்கும் பருத்தி விதை அந்தப் பொருக்கை முட்டி, பிளந்து, தலையைத் தூக்கும். பல்லையும் நாம் அப்படியே கற்பனை செய்கிறோம். “முளைக்குது” என்ற சொல்லே விதையிடமிருந்து கடன் வாங்கியதுதானே. கூர்மையான பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வருகிறது, அதனால்தான் இவ்வளவு வலி, வலியால் காய்ச்சல், காய்ச்சலால் பேதி என்று ஒரு சங்கிலி மனதில் ஓடுகிறது. ஆனால் சங்கிலியின் முதல் கண்ணியே பிசகு.

கரு ஆறு வாரமாக இருக்கும்போதே தாடைக்குள் பல்லுக்கான மொட்டு அரும்பத் தொடங்கிவிடுகிறது. நாலாவது மாதத்தில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குகிறது. பிள்ளை பிறக்கும் நாளிலேயே முதல் கடைவாய்ப்பல்லின் முகடுகள் ஈறுக்கு அடியில் தயாராக இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய பை ஒன்று உண்டு. பல்லுறை என்று வைத்துக்கொள்வோம். மொச்சைப் பருப்பின் மேல் தோல் இருக்கிற மாதிரி. வெகுகாலம் இந்தப் பையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வேர் நீளும், நீளும்போது பல்லை மேலே தள்ளும் என்பதுதான் பலருடைய கணிப்பாக இருந்தது.

1969இல் டொனால்ட் காஹில் என்ற உடற்கூறியலாளர் நாய்க்குட்டிகளில் ஒரு சோதனை செய்தார். முளைக்கத் தயாராக இருந்த பல்லை மெல்லிய கம்பியால் தாடை எலும்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். பல்லால் அசைய முடியாது. பல்தான் முட்டி வழி உண்டாக்குகிறது என்றால், அசையாத பல்லுக்கு மேலே வழி திறக்கக் கூடாது. ஆனால் திறந்தது. பல் கட்டிப்போட்டபடி கீழேயே கிடக்க, அதற்கு மேலே இருந்த எலும்பு தானாகக் கரைந்து பாதை விட்டிருந்தது.

அடுத்த கட்டம் இன்னும் வேடிக்கையானது. 1980களில் காஹிலும் சாண்டி மார்க்ஸும் சேர்ந்து, முளைக்காத பல்லைப் பையிலிருந்து உருவி எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் உலோகத்திலும் சிலிக்கோனிலும் செய்த போலிப் பல்லை உள்ளே வைத்துப் பையை மூடினார்கள். வேர் இல்லை, உயிர் இல்லை, வளர்ச்சி இல்லை. அந்தப் பொம்மைப் பல்லும் முளைத்து வெளியே வந்தது! திருப்பிச் செய்து பார்த்தபோது, அதாவது நிஜப் பல்லை விட்டுவிட்டுப் பையை மட்டும் நீக்கியபோது, பல் முளைக்கவே இல்லை. வழி போடுவது யார் என்பது அதோடு தெளிவானது. சாமி புறப்பாட்டுக்கு முன்னால் தெருவை ஒழுங்குபண்ணி, குறுக்கே கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடும் ஆட்களின் வேலையைப் பல்லுறை செய்கிறது. தேர் பின்னால் நிதானமாக வருகிறது.

பல்லுறை இதைத் தன் கையால் செய்வதில்லை, ஆள் வைத்துச் செய்கிறது. அது வெளியிடும் வேதிச் சமிக்ஞைகளை மோப்பம் பிடித்து, ரத்தத்தில் ஓடும் ஒருவகை வெள்ளையணுக்கள் அங்கே கூடுகின்றன. பல அணுக்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரு பெரிய செல்லாக மாறுகின்றன. எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்தைச் சுரந்து அதைக் கரைப்பதுதான் அதன் தொழில். எலும்பரிப்பான் என்று சொல்லலாம். இந்தச் செல் உருவாகத் தேவையான சமிக்ஞை பிறவியிலேயே இல்லாத எலிகளுக்குப் பல் வெளியே வருவதில்லை. பல் உள்ளே இருக்கும், வழிதான் இருக்காது. பால் பல்லுக்கு மேலே உள்ள எலும்புக் கூரை மெல்லியது, சில இடங்களில் திறந்தே இருக்கும். அதனால் அங்கே எலும்பரிப்பானுக்கு வேலை கொஞ்சம் குறைவு.

சிவகாசிப் பக்கம் நின்று பேசும்போது இந்த எலும்பரிப்பானைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தீப்பெட்டி ஆலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் பயன்படுத்தினார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குப் பல்வலியில் தொடங்கித் தாடை எலும்பே செத்து அழுகியது. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அந்தப் பாஸ்பரஸுக்குத் தடை பேசின. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923இல். அதனால் சிவகாசித் தீப்பெட்டி ஆபீசுகள் அந்தச் சாபத்துக்குத் தப்பின. கதை அங்கே முடியவில்லை. 2003இல் அமெரிக்காவின் ராபர்ட் மார்க்ஸ் என்ற வாய் அறுவை நிபுணர், எலும்பு தேய்வதைத் தடுக்கும் பிஸ்பாஸ்பனேட் என்ற மருந்தை எடுத்துக்கொண்ட நோயாளிகளிடம் அதே மாதிரி தாடை சாவதை எழுதினார். அந்த மருந்தின் வேலை எலும்பரிப்பானை முடக்குவது. பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய்க்காக இந்த மருந்தைப் பெறும் பிள்ளைகளுக்குப் பல் முளைப்பது தள்ளிப்போவதும் பதிவாகியிருக்கிறது. தாடை ஓயாமல் இடித்துக் கட்டப்படும் ஒரு வீடு. இடிப்பவன் வேலையை நிறுத்தினால் தாடைக்கும் கேடு, பல்லுக்கும் வழியில்லை.

எலும்பு தாண்டியாயிற்று. மிச்சம் ஈறு. அங்கேயும் கிழிசல் இல்லை. பல்லை மூடியிருக்கும் மெல்லிய படலமும் ஈறின் மேல்தோலும் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தின் நடுவில் உள்ள செல்கள், உடம்பு போட்ட திட்டப்படி, தாமாகவே மடிந்து விலகுகின்றன. ஓரம் மடித்துத் தைத்த சட்டைப் பொத்தான் ஓட்டை போல, விளிம்பு மூடிய ஒரு துவாரம் உண்டாகிறது. பல் முளைத்த இடத்தில் ரத்தம் வழிவதை நாம் பார்ப்பதில்லையே, காரணம் இதுதான்.

அப்படியென்றால் பையன் ஏன் அழுகிறான்? வழி போடும் வேலை நடக்கும் இடத்தில் ஈறு கொஞ்சம் வீங்கும், சிவக்கும், தொட்டால் கூசும். கடைவாய்ப்பல்லுக்கு இது கூடுதல். முன்பல்லுக்கு ஒரே விளிம்பு. கடைவாய்ப்பல்லோ அகலமானது, பல முகடுகள் கொண்டது. ஒவ்வொரு முகடாக எட்டிப்பார்க்கும், நடுவில் ஈறுத் துண்டு ஒன்று சில நாள் மூடிக்கிடக்கும், பிள்ளை வாயை மூடும்போதெல்லாம் எதிர்த்தாடை அதை நசுக்கும். சிலருக்கு முளைக்கும் இடத்தில் நீலம் பாரித்த கொப்புளம் மாதிரி ஒன்று வரும். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் தானே உடைந்து போகும், குத்திவிடக் கூடாது. எச்சில், சிணுங்கல், எதையாவது கடிப்பது, காதைப் பிடித்து இழுப்பது, ராத்தூக்கம் கலைவது, கெட்டிச் சோறு வேண்டாம் என்பது எல்லாம் பல்லின் கணக்கில் சேரும். அப்பத்தா சொன்னதில் சரியான பாதி இது.

மற்றப் பாதிக்கு வருவோம். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 125 குழந்தைகளின் பெற்றோர் தினமும் இரண்டு வேளை உடல்சூட்டை அளந்து, அறிகுறிகளைக் குறித்து வந்தார்கள். 475 பற்கள் முளைத்தன. மொத்தம் 19,422 நாட்களின் குறிப்பு. பல் வெளிவந்த நாளும் அதற்கு முந்தைய நாலு நாளும் பிந்தைய மூன்று நாளும் சேர்ந்த எட்டு நாளை மற்ற நாட்களோடு ஒப்பிட்டார்கள். எச்சிலும் கடிப்பதும் சிணுங்கலும் கூடின. சூடு இம்மி கூடியது. ஆனால் 102 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல், பேதி, வாந்தி, இருமல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதே ஆண்டு மெல்பர்னிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு சின்னதுதான், 21 குழந்தைகள். ஆனால் பல் மருத்துவ ஊழியரே நேரில் வாயைப் பார்த்துக் குறித்தார். பல் முளைத்த நாட்களுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பே இல்லை. பிற்பாடு பெற்றோரைக் கேட்டால், பல்லால்தான் பிள்ளைக்கு முடியாமல் போனது என்று எல்லாருமே சொன்னார்கள்!

அவர்கள் பொய் சொல்லவில்லை. கணக்கு அப்படி ஏமாற்றுகிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டரை வயது வரைக்கும் சுமார் 730 நாட்கள். இருபது பல், ஆளுக்கு எட்டு நாள் என்றால் 160 நாட்கள். ஜோடியாக முளைப்பதால் கொஞ்சம் குறையும். அப்படியும் ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒரு நாள் ‘பல் நாள்’. எந்தக் காரணத்தால் காய்ச்சல் வந்தாலும், பக்கத்தில் முளைக்கிற பல் ஒன்றைக் காட்டிவிடலாம். பல் முளைத்தும் காய்ச்சல் வராத நாட்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அதுமட்டுமல்ல, அந்த வயதே நோய்த்தொற்றின் வயது. அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் ஆறு மாதத்துக்குப் பிறகு வடிந்துவிடும். பிள்ளை தவழும், நடக்கும், கீழே கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும். போதாததற்கு, முதல் கடைவாய்ப்பல்லும் கோரைப்பல்லும் வரும் காலத்தை ஒட்டித்தான், 16 முதல் 24 மாதத்துக்குள், நம் தடுப்பூசி அட்டையில் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் இருக்கின்றன. ஊசியால் வந்த காய்ச்சலுக்கும் பல்லே பழி ஏற்கிறது. வாயில் வரும் அக்கி வைரஸ் தொற்றும் இப்படித்தான். பல் தொந்தரவு என்று பெற்றோர் நினைத்த 20 குழந்தைகளைச் சோதித்த ஓர் ஆய்வில் 9 பேரிடம் அந்த வைரஸ் இருந்தது. ஈறு ரத்தச் சிவப்பாகி, நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சின்னச் சின்னப் புண் தெரிந்தால் அது பல்லின் வேலை இல்லை.

பழிக்கு விலை உண்டு. 1839இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 சாவுகளுக்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்று அரசுப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். கத்தியால் ஈறைக் கீறிவிடுவது அப்போது மருத்துவம். பிள்ளைகளுக்குக் கொடுத்த பல் பொடியில் பாதரசம் இருந்தது. கைகால் சிவந்து தோலுரிந்து வாடும் ஒரு நோய் பல பத்தாண்டுகள் புதிராக இருந்து, 1940களில் ஜோசப் வார்க்கனி என்பவர் சிறுநீரில் பாதரசத்தைக் கண்டுபிடித்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது. பொடியை நிறுத்தினார்கள், நோயும் மறைந்தது. இன்றைக்கும் கடைகளில் கிடைக்கும் மரத்துப்போகச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பென்சோகெய்ன் இருக்கிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது அபூர்வமாகக் கெடுத்துவிடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது. நம் ஊர் வசம்புக் காப்பும் கடிப்பதற்கான பொருள் இல்லை. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய வசம்பில் உள்ள அசரோன் எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியதால், 1968இலேயே அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கத் தடை வந்தது.

வலிக்கு என்னதான் செய்வது? கால் விரல் நிலைப்படியில் இடித்ததும் நம் கை தானாகப் போய் அதைத் தேய்க்கிறதே, அதுதான் வைத்தியம். தொடுகையும் அழுத்தமும் மூளைக்கு அனுப்பும் தகவல், தண்டுவடத்தில் உள்ள ஒரு ‘கதவில்’ வலித் தகவலை முந்திக்கொண்டு கதவைப் பாதி சாத்திவிடுகிறது. மெல்சாக்கும் வாலும் 1965இல் முன்வைத்த கருத்து இது. பிள்ளை கண்டதையெல்லாம் கடிப்பது தனக்குத்தானே பார்த்துக்கொள்ளும் வைத்தியம்தான். முன்பல்லுக்குக் கடிவளையம் போதும், கடைவாய் வரைக்கும் அது எட்டாது. அம்மாவின் விரல் எட்டும். சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் புடைத்த இடத்தை ஒன்றிரண்டு நிமிடம் அழுத்தி நீவிவிடலாம். சுத்தமான பருத்தித் துணியை நனைத்து, குளிர்சாதனப் பெட்டியில் கீழ்த்தட்டில் வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். குளிர்ச்சி நரம்பின் வேகத்தைக் குறைக்கும். உறையவைத்த பொருள் வேண்டாம், ஈறைப் புண்ணாக்கும். தயிர் சோறு, ஆறிய கூழ், மசித்த வாழைப்பழம் இறங்கும். மோவாயில் வழியும் எச்சிலைத் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் புண்ணாகாது.

ராத்திரி தூங்கவே முடியாத அளவுக்கு வலித்தால் பாராசிட்டமால், எடைக்குத் தக்கபடி, மருத்துவர் சொன்ன அளவில். இதில் ஒரு பொறி இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125, சிலவற்றில் 250. பக்கத்து வீட்டுப் பாட்டிலின் மூடி அளவை இங்கே கொண்டுவரக் கூடாது. ஆஸ்பிரின் அறவே வேண்டாம்.

பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, மூத்திரம் குறைந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ பல்லை மறந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

விரலைக் கழுவுவது பற்றி மேலே சொன்னதை விஸ்வநத்தத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டாசு ஆபீசில் வேலை முடித்து வரும் கைகளில் அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் நகக்கண் வரைக்கும் ஏறியிருக்கும். பச்சை வெளிச்சத்துக்காகச் சேர்க்கும் பேரியம் உப்பை, ‘பச்சை உப்பு’ என்று சொல்வார்களே அதை, உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. கரையக்கூடிய பேரியம் வயிற்றுக்குள் போனால் முதலில் தெரிவது வாந்தியும் பேதியும். பகலெல்லாம் அம்மாவைத் தேடிய பிள்ளை, பல் கூசும் நாளில் அவள் தோளைக் கடிக்கும், சேலைத் தலைப்பைச் சப்பும். அவனைத் தூக்கும் முன் குளித்து, சேலை மாற்றி, வேலைச் சேலையைத் தனியாக நனைத்துப் போடுவதற்குள் அவன் வீட்டைக் கூட்டிவிடுவான். அழட்டும். அந்தப் பத்து நிமிடத்தை அப்பத்தா சமாளித்துக்கொள்வார்.

கடைவாய்ப்பல் முழுசாக வெளியே வந்ததும் அதன் பள்ளங்களில் சோறு தங்கும். மென்மையான பிரஷ்ஷில் அரிசி அளவு ஃப்ளோரைடு பற்பசை வைத்துத் தேய்ப்பதை முதல் பல் எட்டிப்பார்த்த நாளிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். இதுவரை ஆரம்பிக்கவில்லை என்றால் இனியும் தள்ளிப்போடக் கூடாது.

பையனுக்கு ஆறு வயது ஆகும்போது, இரண்டாவது பால் கடைவாய்ப்பல்லுக்கும் பின்னால் இன்னொரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழாமலே வருவதால் அதையும் பால் பல் என்று நினைத்துப் பலர் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். அது சாகும்வரை இருக்க வேண்டிய நிரந்தரப் பல். பால் பல்லைவிடப் பெரியது, தடித்த எலும்பைத் தாண்டி வருவது. அந்தப் பல் முளைக்கும்போது காய்ச்சலும் பேதியும் வந்ததாக எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் அது வந்ததே தெரிவதில்லை. பையன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான். காய்ச்சல் வந்தால், பள்ளிக்கூடத்தில் யாரிடமிருந்தோ ஒட்டிக்கொண்டது என்று அப்பத்தாவே சொல்லிவிடுவார்.